பம்ப் ஆளைக் கொல்லுமா? முட்டு வருத்தமும் இளவயது மரணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஏழு வயதிலிருந்து முட்டு. திருகோணமலை உவர்மலையில் எங்கள் தெருவில் மட்டும் பம்ப் (வாயில் அடித்து உறிஞ்சுகிற இன்ஹேலர்) வைத்திருக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாமார் என்னை வாசலில் மறித்துக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்த வருத்தத்தில் சின்ன வயதில் சாகிறவர்களின் தொகை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, ஏன் என்பதைப் பல வருடமாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். ஆஸ்துமா, தொய்வு, இழுப்பு என்று என்ன பெயர் சொன்னாலும் எல்லாம் ஒன்றுதான், நான் முட்டு என்றே எழுதுகிறேன்.

"பம்ப் அடிச்சா இதயம் நின்றுபோகும் என்று அம்மம்மா சொல்றா. உண்மையா?"

அம்மம்மாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு உண்மைக் கதை கிடக்கிறது, ஆனால் அது அறுபது வருடத்துக்கு முந்திய இன்னொரு மருந்தின் கதை. இப்போது பிள்ளையின் கையில் இருக்கும் பம்புக்குள் அந்த மருந்து இல்லை. இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பயத்தில் வீட்டில் நிறுத்துவது பெரும்பாலும் தினமும் எடுத்து உயிரைக் காக்கிற மண்ணிறத் தடுப்பு பம்பைத்தான். வாயில் அடித்ததும் சுகம் தருகிற நீல பம்பை யாரும் நிறுத்துவதில்லை.

அப்படி என்னதான் நடந்தது?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஒஸ்லர் போன்ற பெரிய வைத்தியரே முட்டு வந்து அந்த இழுப்பிலேயே ஆள் சாவதில்லை என்று நம்பினார். கஷ்டப்பட்டாவது கிழவயது வரை இழுத்துக்கொண்டு போவார்கள் என்பதுதான் அந்தக் கால எண்ணம். இங்கிலாந்தில் இளம் வயதினரின் முட்டு மரண விகிதமும் பல பத்தாண்டுகளாகப் பெரிய அசைவில்லாமல்தான் இருந்தது. 1956இல் அமுக்கினால் அளவாக மருந்து தெறிக்கும் பம்ப் சந்தைக்கு வந்தது. அதற்குச் சில வருடம் கழித்து, 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று வரிசையாக மரணங்கள் ஏறின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஏழு வருடத்துக்குள் விகிதம் ஏழெட்டு மடங்கானது. 1966 அளவில் அந்த வயதில் இறந்த நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேர் முட்டில் இறந்தவர்கள். பள்ளிக்கூடம் போகிற வயது!

ஸ்பைசர், டோல், ஹீஃப் என்ற ஆய்வாளர்கள் 1968இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள் (இந்த டோல்தான் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டியவர்களில் ஒருவர்). நோய் திடீரென்று கூடவில்லை, மரணச் சான்றிதழ் எழுதும் முறையும் மாறவில்லை, மாறியது வைத்தியம்தான் என்று பார்த்தார்கள். பிறகு இன்னொருவர், ஸ்டோலி, 1972இல் விஷயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஐசோபிரனலின் என்ற மருந்தின் "ஃபோர்ட்டே" வகை, சாதாரண பம்பை விட ஒரு அடிக்கு ஐந்து மடங்கு மருந்து தருவது, தாராளமாக விற்ற நாடுகளில்தான் இந்த மரண அலை வந்திருந்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இருக்கவில்லை, அங்கே அலையும் வரவில்லை.

இங்கிலாந்தில் 1967இல் வைத்தியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, 1968இல் டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் அந்த பம்பை வாங்க முடியாது என்று ஆக்கினார்கள். விற்பனை விழுந்தது, மரணமும் கூடவே விழுந்தது.

மருந்து நேரடியாக இதயத்தைத் தாக்கியதா, அல்லது பம்ப் கையில் இருக்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிந்தினார்களா என்று வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒக்சிசன் குறைந்துபோன உடம்பில் இதயத்தை உதைக்கிற மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா ஆய்விலும் "5 முதல் 34 வயது" என்று ஏன் வருகிறது?

குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஐந்து வயதுக்குக் கீழே வைரஸ் காய்ச்சலில் வரும் இழுப்பையும் முட்டையும் பிரிப்பது கஷ்டம். முப்பத்தைந்துக்கு மேலே போனால் பீடி, சிகரெட்டால் பழுதான நுரையீரலையும் முட்டு என்றே எழுதிவிடுவார்கள். நடுவில் இருக்கிற வயதில் மரணச் சான்றிதழில் "ஆஸ்துமா" என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஆஸ்துமாதான். உலக நோய்ப் பட்டியலைத் திருத்தும்போது முதியவர்களின் கணக்கு குதிக்கும், இந்த வயதினரின் கணக்கு அவ்வளவு ஆடாது. எங்கள் ஊரில் வீட்டில் நடந்த சாவுக்கு உறவினர் சொல்வதைக் கேட்டுக் கிராம சேவகர் வழியாகப் பதிவு போகும்போது "முட்டு வருத்தம்" என்ற சொல்லுக்குள் எத்தனை நோய் அடங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு தடவை பட்டபிறகு எல்லாரும் திருந்திவிட்டார்களா?

இல்லையே. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோட்டரோல் என்ற புது பம்ப் மருந்து வந்தது. அதே வருடம் அங்கே மட்டும் மரணம் மறுபடி ஏறத் தொடங்கி, 1979 அளவில் 5 முதல் 34 வயதில் வருடத்துக்கு லட்சத்தில் நான்கு பேர் என்ற அளவைத் தொட்டது. வேறெந்த நாட்டிலும் அப்போது அப்படி இல்லை. வெலிங்டனில் இருந்த கிரேன், பியர்ஸ், பீஸ்லி, பர்ஜஸ் குழு, இறந்தவர்களுக்கு என்ன பம்ப் எழுதப்பட்டிருந்தது, அதே மாதிரி நோயுள்ள மற்றவர்களுக்கு என்ன எழுதப்பட்டிருந்தது என்று ஒப்பிட்டு, ஃபெனோட்டரோல் எழுதப்பட்டவர்களுக்குச் சாகிற அபாயம் கூட என்று 1989இல் வெளியிட்டது. கடும் எதிர்ப்பு வந்தது. "கடுமையான நோயாளிகளுக்குத்தானே இதை எழுதினோம், அவர்கள் இறந்தால் மருந்தையா குறை சொல்வது" என்றார்கள். நியாயமான கேள்வி, அதற்காகவே இன்னும் இரண்டு தடவை ஆய்வைத் திருப்பிச் செய்தார்கள். அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு போட்டதும் அங்கே மரணம் பாதியாக விழுந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பதில் வராது என்பது என் எண்ணம்.

இப்போது நாங்கள் பாவிக்கிற நீல பம்ப் சல்பியூட்டமோல், 1969இல் வந்தது. முந்திய இரண்டையும் விட இதயத்தை விட்டுவிட்டுச் சுவாசக் குழாயில் போய் வேலை செய்கிற மருந்து. கை நடுக்கமும் படபடப்பும் கொஞ்சம் வரும், அது கழியும். அம்மம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

பிறகு எப்போது குறைந்தது?

1972இல் பெக்லோமெதசோன் பம்ப், அதாவது மண்ணிறத் தடுப்பு பம்ப், வந்தது. சுவாசக் குழாயின் உள்வீக்கத்தைத் தணிக்கிற மருந்து, அடித்தவுடன் ஒன்றும் தெரியாது, அதனாலேயே யாருக்கும் அதில் பற்று வராது. அது பரவலாகப் பாவனைக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து வருடம் எடுத்தது. 46 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. 5 முதல் 34 வயதில் 1993இல் லட்சத்துக்கு 0.44 ஆக இருந்த மரணம் 2006இல் 0.19க்கு வந்திருந்தது. பாதிக்கும் கீழே. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் செய்த இன்னொரு ஆய்வில் (2000), வருடத்துக்கு ஒரு தடுப்பு பம்ப் கூடுதலாகப் பாவித்தால் மரண அபாயம் சுமார் 21 வீதம் குறைந்தது. பின்லாந்து 1994இல் இதை நாடு முழுக்கத் திட்டமாகவே எடுத்துச் செய்தது, பத்து வருடத்தில் முட்டுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் ஏறக்குறைய பாதியாகின, மரணமும் இறங்கியது.

ஆனால் அந்த 46 நாட்டுக் கணக்கில் 2006க்குப் பிறகு கோடு அப்படியே படுத்துவிட்டது. 2012இலும் அதே 0.19. மருந்து இருக்கிறது, வழி தெரியும், ஆனாலும் அதற்குக் கீழே போகவில்லை.

0.19 என்றால் ஒன்றுமே இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு?

திருகோணமலை மாவட்டத்துக்குப் போட்டுப் பார்ப்போம், இது வெறும் கைக்கணக்கு. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 79 ஆயிரம் பேர். பாதிப்பேர் 5 முதல் 34 வயது என்று வைத்தால் 1 லட்சத்து 90 ஆயிரம். 0.19 என்ற விகிதத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு சாவு. நியூசிலாந்தின் 1979 விகிதத்தில் வருடத்துக்கு ஏழெட்டு. மூன்று வருடத்துக்கு ஒன்று என்றால் பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது, அதனால்தான் "முட்டில யாரும் சாக மாட்டினம்" என்று தைரியமாகச் சொல்கிறோம். அந்த 0.19 வசதியான நாடுகள் நிறைந்த கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. 2019இல் உலகம் முழுக்க எல்லா வயதிலும் சேர்த்து 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் ஆஸ்துமாவில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளில்.

என் மகனுக்கு லேசான முட்டுத்தான். எங்களுக்கு இது தேவையா?

நான் அதிகம் வெறுக்கிற சொல் இந்த "லேசான".

பிரித்தானியாவில் 2012 பெப்ரவரி முதல் ஒரு வருடத்தில் நடந்த 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2014இல் அறிக்கை போட்டார்கள். அதில் நோயின் கடுமை தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 58 வீதம், லேசான அல்லது நடுத்தர முட்டு என்றுதான் வைத்தியம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். 45 வீதம் பேர் உதவி கேட்காமலோ உதவி வந்து சேருமுன்னரோ இறந்தார்கள். தாக்கம் வந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்திருந்த தாள் 23 வீதம் பேரிடம்தான் இருந்தது. நீல பம்ப் வாங்கியவர்களில் 39 வீதம் பேர் கடைசி ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். இலவச வைத்தியம் இருக்கிற நாடு அது, எங்களைப் போலவே.

பன்னிரண்டு நீல பம்ப் என்றால் மாதத்துக்கு ஒன்று. நான் ஓ.எல். படிக்கும்போது அப்படித்தான் இருந்தேன். டவுனில் ஒரு பாமசியில் துண்டு கேட்காமலே எடுத்துத் தருவார்கள், எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் கிளினிக்கில் இருந்த நேர்ஸ் மிஸ் "மாசம் எத்தனை முடியுது?" என்று சும்மா கேட்டார், பதிலைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

நீலத்துக்கும் மண்ணிறத்துக்கும் என்ன வித்தியாசம்? பம்ப் பழகினால் விட முடியாதாமே?

நீலம், இறுகிய குழாயைத் தளர்த்தும். சில நிமிடத்தில் வேலை செய்யும், சில மணித்தியாலத்தில் போய்விடும். மண்ணிறம், உள்ளே வீங்கி சளி அடைக்கிற காரணத்தையே தணிக்கும், ஆனால் தினமும் எடுக்க வேண்டும். முட்டில் இறந்தவர்களின் நுரையீரலை வெட்டிப் பார்த்தால் சின்னக் குழாய்கள் பிசின் மாதிரியான சளியால் அடைபட்டுக் கிடக்கும் என்று எழுதுகிறார்கள். அந்த அடைப்பை நீலம் எத்தனை அடித்தாலும் எடுக்காது. கதவை எண்ணெய் போட்டுத் திறக்கலாம், பின்னால் மண் மூட்டை குவிந்திருந்தால்?

பழக்கம் ஆகுமா என்றால் ஆகாது. மண்ணிறத்தை நிறுத்தினால் முட்டு திரும்புவது வருத்தம் இன்னும் இருப்பதால்தான். தினமும் சோறு தின்பதைப் பழக்கம் என்று யாரும் பயப்படுவதில்லையே. எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும், பெயரை வாசியுங்கள். கிளினிக்கில் கெப்சூலைப் போட்டுத் திருகி உறிஞ்சுகிற கருவியும் தருகிறார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் கடும் இழுப்பில் சின்னப் பிள்ளையால் அதைப் பலமாக உறிஞ்ச முடியாது.

இன்னொரு மாற்றம்: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்யாதீர்கள் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. இரண்டு மருந்தும் ஒன்றாய் இருக்கிற பம்பும் உண்டு. உங்களுக்கு எது என்று டொக்டரைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

கச்சான் காற்றில்தான் கூடுகிறது. மருந்தை விட்டுக் காத்தைப் பார்க்கக் கூடாதா?

இரண்டையும் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது புழுதியை அள்ளிக்கொண்டு வரும், தம்பலகாமம் பக்கம் வயல் வெட்டி வைக்கோல் எரித்தால் இரவில் எனக்குத் தெரிந்துவிடும். மார்கழி மழையில் சுவரில் பூஞ்சணம். இவையெல்லாம் ஊருக்குப் பொது. வீட்டுக்குள் நுளம்புச்சுருள், விறகு அடுப்பு, சாம்பிராணி, பக்கத்து வளவில் எரிகிற பொலித்தீன் குப்பை, அப்பாவின் சிகரெட், இவைதான் எங்கள் கையில் இருப்பவை.

காற்றால் சாவதும் நடந்திருக்கிறது. 2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்னில் இடிமழை வந்தபோது புல்லின் மகரந்தம் நொறுங்கிக் காற்றில் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். லண்டனில் 2013இல் ஒன்பது வயதில் இறந்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் சாவில் வாகனப் புகையால் மாசான காற்றுக்கும் பங்குண்டு என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதினார். அவளுடைய தாய் விடாமல் போராடியதால் வந்த தீர்ப்பு.

இரவு இரண்டு மணிக்கு இழுப்பு வந்தால்?

நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க விடாதீர்கள். நீல பம்பை ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குடுவை) பொருத்தி ஒவ்வொரு அடியாக, நடுவில் நாலைந்து மூச்சு விட்டு, கொடுத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ், காசில்லை, 2019 அளவில் நாடு முழுக்க வந்துவிட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை இரவில் பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், இப்போது அந்தச் சாட்டு இல்லை.

ஸ்பேசர் இல்லையா? அரை லீற்றர் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவு ஓட்டை போடுங்கள், போத்தலின் வாயைப் பிள்ளையின் வாயில் வையுங்கள். விளையாட்டில்லை, தென்னாபிரிக்காவில் இதை ஆராய்ந்து, கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இல் எழுதினார்கள்.

ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசினால், விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். முக்கியமாக, விசில் சத்தம் திடீரென்று நின்று பிள்ளை சோர்ந்துபோனால் அது சுகம் இல்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை (நெபுலைசர்) பிடித்து வீட்டுக்கு வந்தபிறகும் கவனம். அந்தப் பிரித்தானிய அறிக்கையில் பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 28 நாளுக்குள் இறந்தவர்.

நோன்பு நேரத்தில்?

மூதூரிலிருந்து ஒரு தாத்தா கேட்டது. தடுப்பு பம்ப் பெரும்பாலும் காலை, மாலை இரண்டு வேளை என்பதால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் சரியாகப் பொருந்தும். பகலில் பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது, உங்கள் பள்ளியில் கேளுங்கள். ஆனால் இழுப்பு வந்துவிட்டால் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, நீலத்தை அடிக்க மஃரிப் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பம்ப் முடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

குலுக்கிப் பார்ப்பது, தண்ணியில் மிதக்க விடுவது எல்லாம் பொய். மருந்து தீர்ந்த பின்னும் வெறும் காற்று புஸ் என்று வரும், அதை அடித்துக்கொண்டு இரவைக் கழித்தவன் நான். எண் காட்டுகிற பம்ப் என்றால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், நீல பம்பில் வழக்கமாக 200 அடி இருக்கும். திறக்கிற அன்றே மார்க்கரால் டப்பாவில் திகதியை எழுதுங்கள், முடிந்த டப்பாக்களை எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்து அடுத்த கிளினிக்குக்கு அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். வருடத்துக்கு மூன்றுக்கு மேல் போனாலே நோய் அடங்கவில்லை என்று இப்போது கணக்கெடுக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் எழுதாததை அந்தப் பை சொல்லிவிடும்.